நெட் எங்கே நிற்கிறது? மோடம், ரவுட்டர் கோளாறுகளை அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

"நெட் போயிடுச்சு" என்று வீட்டில் யாராவது குரல் கொடுத்தால், நான் முதலில் கேட்பது "எதுவரைக்கும் வருது?" என்பதைத்தான். சமையலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எடுத்த எடுப்பில் குழாயைக் கழற்ற மாட்டோம். மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, கீழ்த்தொட்டி நிறைந்ததா, தெருவில் விட்டார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இணையத்துக்கும் அதே பார்வை வேண்டும்.

ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் பாதை இப்படிப் போகிறது: தெருக் கம்பத்திலிருந்து ஃபைபர், அது வந்து சேரும் பெட்டி, அங்கிருந்து ஒரு லேன் கேபிள், ரவுட்டர், பிறகு காற்றுவழியே உங்கள் போன். ஃபைபர் வந்து சேரும் பெட்டியை லைன்மேன் ஓஎன்டி என்றோ ஓஎன்யு என்றோ சொல்வார். வீட்டில் எல்லோரும் மோடம் என்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். பல வீடுகளில் மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டிதான். வைஃபை பலவீனமாக இருக்கிறதென்று தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டிய வீடுகளில் இரண்டு பெட்டி இருக்கும்.

எதையும் தொடுமுன் ஒன்று. பெட்டியின் பின்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதுதான் ரீசெட். அதை அழுத்தாதீர்கள். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. ரீசெட் செய்தால் உள்ளே பதிந்து வைத்த பயனர் பெயர், கடவுச்சொல், நிறுவனம் தன் பாதையைப் பிரித்துக் காட்டப் போட்ட விலேன் எண் எல்லாம் அழிந்து, பெட்டி கடையிலிருந்து வந்த நாளுக்குப் போய்விடும். தெருவில் வயர் அறுந்து கிடந்திருக்கும். இரண்டு மணி நேரத்தில் ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் ரீசெட் அழுத்திய வீட்டில் மட்டும் மூன்று நாள் நெட் இருக்காது. இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அணைத்துப் போடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. இரண்டு பெட்டியையும் அணையுங்கள். அரை நிமிடம் விடுங்கள். முதலில் மோடத்தை மட்டும் போடுங்கள். பான் (PON) என்று எழுதிய விளக்கு மினுக்காமல் நிலையாக எரியும்வரை, சுமார் இரண்டு நிமிடம், காத்திருங்கள். அதன் பிறகு ரவுட்டர். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், மோடம் எழுந்திருக்குமுன் ரவுட்டர் கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் கிடைக்காமல் சும்மா இருந்துவிடுவதுண்டு.

சிவப்பு விளக்கு மினுக்குகிறது

லாஸ் (LOS) என்று எழுதிய விளக்கு எப்போதும் அணைந்திருக்க வேண்டும். அது சிவப்பாக மினுக்கினால் தெருவிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ரவுட்டரில் நீங்கள் என்ன செய்தாலும் பயனில்லை. ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது, மடங்கியிருக்கிறது, அல்லது மோடத்தின் பின்னால் செருகியது கழன்றிருக்கிறது.

வீட்டுக்குள் உள்ள பகுதியை நீங்களே பார்க்கலாம். ஃபைபருக்குள் தலைமுடி தடிமனில் கண்ணாடி இழை. அதைக் கூர்மையாக மடித்தால் ஒளி வளைவில் கசிந்துவிடும்; உடையவே வேண்டியதில்லை. கட்டில் கால், பீரோ, கதவிடுக்கு, ஆணியில் இறுக்கிச் சுற்றிய சுருள் என்று வயர் போகும் வழியெல்லாம் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். பச்சை நிறச் செருகி மோடத்தில் முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். செருகியைக் கழற்றினால் முனையை விரலால் தொடாதீர்கள், கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்காதீர்கள். வரும் ஒளி 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் லேசர்தான். பச்சைச் செருகியின் முனை 8 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டது, நீல நிறச் செருகியின் முனை அப்படி இல்லை. நீலத்தைப் பச்சையில் செருகினால் பொருந்தியதுபோலத் தெரியும், ஒளி மட்டும் பெருமளவு வீணாகும்.

எங்கள் அத்தை வீட்டுக் கதையை இங்கே சொல்ல வேண்டும். தினமும் மாலையில் நெட் போகும், காலையில் வந்துவிடும். புகார் கொடுத்து இரண்டு முறை ஆள் வந்து பார்த்தார்கள். பகலில் வந்ததால் எல்லாம் சரியாக இருந்தது, போய்விட்டார்கள். ஒரு நாள் போனில் கேட்டேன்.

"அத்தை, மோடத்துல செவப்பு லைட்டு ஏதாவது மினுக்குதா?"

"ஆமா தம்பி, சாயங்காலமானா மினுக்குது. விடிஞ்சா போயிடுது."

"சாயங்காலம் அந்த ரூம்ல என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன், வெளக்கேத்துவேன், ஜன்னலச் சாத்துவேன். கொசு வந்துருதுல்ல."

ஃபைபர் அந்த ஜன்னல் சட்டம் வழியாகத்தான் உள்ளே வந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்கள் வயரைக் கழற்றி மாட்டியபோது இடம் மாறிவிட்டது. கதவைச் சாத்தினால் சட்டத்துக்கும் கதவுக்கும் இடையில் வயர் நசுங்கும், திறந்தால் விடுபடும். லைன்மேனிடம் சொல்லி மேலே உள்ள காற்றுத்துளை வழியாக வயரை மாற்றிவிட்டதும் சரியாகிவிட்டது. கோளாறு ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வருகிறதென்றால், அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

சிவப்பு இல்லை, பான் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது

ஒளி வருகிறது, ஆனால் எதிர்முனையில் மோடம் பதிவாகவில்லை. ஒளி மிகவும் மங்கலாக இருக்கலாம், அல்லது நிறுவனத்தின் பக்கம் உங்கள் மோடத்தின் எண் பதிவில் இல்லாமல் இருக்கலாம். புது மோடம் மாற்றிய அன்று இது வந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணம்.

பல மோடங்களின் அமைப்புப் பக்கத்தில் (உலாவியில் பெட்டியின் முகவரியைத் தட்டினால் திறப்பது) வந்துசேரும் ஒளியின் அளவு எழுதியிருக்கும். ‌–21 டிபிஎம் (ஒளியின் வலுவைச் சொல்லும் அலகு) என்பதுபோல ஓர் எதிர்ம எண். பொதுவாக வீடுகளில் உள்ள ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறை) மோடம் –8 முதல் –27 வரை தாங்கும். –18, –22 என்றால் நிம்மதியாக இருக்கலாம். –26 என்றால் விளிம்பில் நிற்கிறது: இன்று ஓடும், மழை பெய்து கம்பத்துப் பெட்டியில் ஈரம் இறங்கினால் நின்றுவிடும். 3 டிபி குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் இந்த எண்ணைப் பார்த்து எழுதி வையுங்கள். கோளாறு வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அது இருக்கும்.

விளக்கெல்லாம் சரி, வைஃபையும் பிடிக்கிறது, எதுவும் திறக்கவில்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, காரணங்களும் இதற்குத்தான் அதிகம். முதலில் பணம் கட்டியாகிவிட்டதா என்று பாருங்கள். முன்பணத் திட்டம் முடிந்த பிறகும் விளக்குகள் பச்சையாகவே எரியும். போன் மட்டும் "இணையம் இல்லை" என்று சொல்லும்.

அடுத்து, ஒரு மடிக்கணினியை எடுத்து எங்கே நிற்கிறது என்று தேடுங்கள். கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிங் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு முகவரியைக் கொடுக்க வேண்டும். மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி ரவுட்டருக்கு. அதன் முகவரி பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பதில் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான், நிறுவனத்தைக் கூப்பிட வேண்டாம். இரண்டாவது கேள்வி 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு. ரவுட்டர் பதில் சொல்லி, இது சொல்லவில்லை என்றால் வீடு சரி, வெளிப்பாதை அடைபட்டிருக்கிறது. மூன்றாவது, ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ்தான் கோளாறு. பெயரை எண்ணாக மாற்றித் தரும் அந்தத் தொலைபேசிப் புத்தகம் படுத்துவிட்டது, பாதை நன்றாக இருக்கிறது. ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 என்றோ 8.8.8.8 என்றோ மாற்றினால் அந்த நிமிடமே சரியாகும். "வாட்சாப் பழைய மாதிரி போகுது, வேற எந்தத் தளமும் திறக்கல" என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இரண்டாவது கேள்வியில் நின்றது என்றால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் (WAN), அதாவது வெளி இணைப்பு என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே வெளி முகவரி 0.0.0.0 என்று இருந்தால் ரவுட்டருக்கு நிறுவனம் முகவரியே கொடுக்கவில்லை. பிபிபிஓஇ முறையில், அதாவது பயனர் பெயர் கொடுத்து உள்நுழைந்து, இணையும் வீடுகளில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படாதபோது இது நடக்கும். கணினியிலிருந்து நேரடியாக இணைபவர்களுக்கு விண்டோஸ் 691 என்ற பிழை எண்ணைக் காட்டும். புது ரவுட்டர் வாங்கி மாட்டிய உடனே இது வந்தால், பழைய ரவுட்டரின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) நிறுவனம் பூட்டி வைத்திருக்க வாய்ப்பு அதிகம். போன் செய்து புதியதைச் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது ரவுட்டரில் பழைய மேக் முகவரியை நகலெடுக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் வேறு கதை. யாரும் முகவரி தராததால் கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டரில் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வசதி அணைந்திருக்கலாம், அல்லது கேபிளில் கோளாறு.

புது ரவுட்டர் மாட்டியதிலிருந்து பிரச்சினை

மோடத்துக்கும் ரவுட்டருக்கும் ஒரே முகவரி இருந்தால், இரண்டும் 192.168.1.1 என்றால், ரவுட்டர் குழம்பிவிடும். உள்ளே எது, வெளியே எது என்று அதற்குத் தெரியாது. புது ரவுட்டரின் முகவரியை 192.168.50.1 என்பதுபோல வேறாக மாற்றுங்கள்.

அதைவிட எளிய வழி, புது ரவுட்டரை அணுகுமுனையாக, அதாவது ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிடுவது. அப்போது முகவரி கொடுக்கும் வேலை மோடத்திடமே இருக்கும், புதியது வைஃபையை மட்டும் பார்த்துக்கொள்ளும். கைபேசியிலிருந்து படத்தை டிவிக்கு அனுப்ப முடியவில்லை, பிரின்டர் தெரியவில்லை என்ற புகார்கள் வருவதும் ஒரு கருவி மோடத்தின் வைஃபையிலும் மற்றது ரவுட்டரின் வைஃபையிலும் மாட்டிக்கொள்வதால்தான். மோடத்தின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

லேன் கேபிளின் இரு முனையையும் தெரியாமல் ஒரே பெட்டியின் இரண்டு துளைகளில் செருகிவிட்டால் தகவல் வட்டமடித்து வீடு முழுக்க நெட் திணறிப்போகும். துளை விளக்குகள் எல்லாம் வெறிபிடித்ததுபோல ஒரே சீராக மினுக்கினால் அதைத் தேடுங்கள்.

வேகம் 94-ஐத் தாண்டவே இல்லை

300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள், வேகச் சோதனையில் 92, 93, 94 என்றே வருகிறது. இந்த எண் வந்தால் நான் மகிழ்ச்சியடைவேன், ஏனென்றால் காரணம் உறுதி. எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது. ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மேலும் ஒட்டும் முகவரி விவரங்களுக்குப் போகும் பகுதியைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 94.

லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 ஜோடிகள். 100 மெகாபிட்டுக்கு 2 ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டாலும், எலி கடித்து ஒன்று அறுந்தாலும் பெட்டிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். நெட் ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள கேபிளை மாற்றிப் பாருங்கள். வெளியுறையில் கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சிட்டிருக்க வேண்டும். கேபிள் நல்லதாக இருந்தும் மாறவில்லை என்றால் ரவுட்டரின் துளையே 100 மெகாபிட் வகை. விலை குறைந்த ரவுட்டர்களில் அட்டைப்பெட்டியில் 1200 என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது காற்றுவழி வேகங்களின் கூட்டுத்தொகை. பின்பக்கத் துளை 100-ஆகவே இருக்கும். வாங்குமுன் ஜிகாபிட் துளையா என்று கேளுங்கள்.

100 மெகாபிட் இணைப்பில் கோப்பு நொடிக்கு 12 மெகாபைட்தான் இறங்குகிறது என்று கவலைப்படுபவர்களுக்கு: 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. உங்கள் இணைப்பில் குறை இல்லை.

ஹாலில் பறக்கிறது, பின்னறையில் வரவில்லை

ரவுட்டர் எங்கே இருக்கிறது? நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் பீரோவின் மேல், டிவிக்குப் பின்னால், அல்லது பரணில். இரும்பு பீரோ அலையைத் தடுக்கும், டிவியின் பின்புறத் தகடும் தடுக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும் தளமும் செங்கல் சுவரைவிட அதிகமாக விழுங்கும். வீட்டின் நடுவில், ஆள் தலை உயரத்தில், திறந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். 10 அடி நகர்த்தியதில் தீர்ந்த வழக்குகள் நிறைய.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களின் நெரிசல் வேறு. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். அடுக்குமாடியில் 2.4-க்கு 1, 6, 11 என்ற மூன்றில் ஒரு சேனலை மட்டும் தேர்ந்தெடுங்கள். இடைப்பட்ட எண்கள் இருபுறமும் உரசும். சமைக்கும் நேரத்தில் மட்டும் திணறினால் மைக்ரோவேவ் அடுப்பைக் கவனியுங்கள், அதுவும் 2.45 ஜிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் திடீரென்று காணாமல் போய் ஒரு நிமிடம் கழித்து வருகிறதா? 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் போல எதையாவது உணர்ந்தால் ரவுட்டர் விலகியே ஆக வேண்டும். சேனலை 36 முதல் 48-க்குள் நிறுத்துங்கள்.

மாடிக்கும் கீழுக்கும் என்றால் என் தேர்வு எப்போதும் ஒரு லேன் கேபிள் இழுத்து மேலே இன்னொரு அணுகுமுனை வைப்பதுதான். வைஃபையை வாங்கி வைஃபையாகவே கொடுக்கும் நீட்டிப்புப் பெட்டிகள் பல நேரம் வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

ஒரே ஒரு கருவியில் மட்டும் வரவில்லை

மற்ற எல்லாவற்றிலும் வருகிறதென்றால் பெட்டிகளைத் தொடாதீர்கள். அந்தக் கருவியில் வைஃபை பெயரை மறக்கச் செய்து மீண்டும் இணையுங்கள். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா பாருங்கள். பல மாதம் அணைந்து கிடந்த மடிக்கணினியில் கடிகாரம் பின்தங்கியிருந்தால் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று எல்லாத் தளமும் மறுக்கும். ஸ்மார்ட் பல்பு, கேமரா வகையறாக்கள் பெரும்பாலும் 2.4-ஐ மட்டுமே அறியும். பழைய கருவி என்றால் ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யுபிஏ3 மட்டும் என்று இருப்பதை டபிள்யுபிஏ2-வும் சேர்ந்ததாக மாற்றுங்கள்.

வீடியோ காலில் குரல் அறுந்து அறுந்து வருகிறது

வேகச் சோதனை நன்றாக இருந்தும் இப்படி என்றால் பெரும்பாலும் யாரோ எதையோ மேலேற்றுகிறார்கள். கல்யாணத்துக்குப் போய் வந்த அன்று, போன் எடுத்த படங்களையெல்லாம் பின்னணியில் ஏற்றிக்கொண்டிருக்கும். வெளியே போகும் வரிசை நிரம்பினால் உங்கள் குரலும் அதே வரிசையில் நிற்க வேண்டியதுதான். 8.8.8.8-க்குப் பிங் கொடுத்துக்கொண்டே இருங்கள். சாதாரணமாக வரும் மில்லிநொடி எண் ஏற்றும்போது பல மடங்கு ஏறினால் அதுதான். ரவுட்டரில் க்யூஓஎஸ் வசதி (எது முதலில் போக வேண்டும் என்று வரிசைப்படுத்துவது) இருந்தால், மேலேற்ற வேகத்துக்கு மொத்தத்தில் கொஞ்சம் குறைவாக ஓர் எல்லை வையுங்கள்.

பெட்டி தானாக அணைந்து எழுகிறது

முதலில் அடாப்டர். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்த அடாப்டர் 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சுமை ஏறும்போது தள்ளாடும். மாற்றும்போது வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதிகமாகவோ இருக்கலாம். சில ரவுட்டர்கள் 9 வோல்ட், மோடம் 12 வோல்ட், முனைகளோ ஒன்றுபோல. வீடு துடைக்கும்போது கழற்றி மாற்றிச் செருகினால் ஒரு பெட்டி போய்விடும். இரண்டு அடாப்டரிலும் இன்றே பெயர் எழுதி ஒட்டுங்கள்.

கரண்ட் போகும்போது நெட்டும் வேண்டுமென்றால் மோடத்தையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டரிலோ சிறிய யுபிஎஸ்ஸிலோ மாட்டுங்கள். ஜிபான் முறையில் வழியில் உள்ள ஒளிப்பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை, அதனால் தெருவே இருட்டாக இருந்தாலும் நெட் வரலாம். கம்பத்துப் பெட்டியிலிருந்து நேரே லேன் கேபிள் இழுத்துக் கொடுக்கும் இடங்களில் அந்தப் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் அடாப்டர்களைப் பிடுங்கிவிடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் மாடிக்கு ஓடும் லேன் கேபிளும் சுவர் மின்சாரமும் கடத்தும்.

புகார் கொடுக்கும்போது

"நெட் வரல" என்று மட்டும் சொன்னால், "அணைச்சுப் போட்டீங்களா?" என்ற கேள்விதான் திரும்ப வரும். "லாஸ் விளக்கு மாலை 6 மணியிலிருந்து மினுக்குகிறது, வீட்டுக்குள் வயரைப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். அல்லது "ஒளி வழக்கமாக –21, இன்று –28" என்று சொல்லுங்கள். அல்லது "ரவுட்டர் பதில் தருகிறது, வேன் முகவரி 0.0.0.0". இப்படிச் சொன்னால் ஒளி அளக்கும் கருவியோடு ஆளை அனுப்ப வேண்டுமா, அலுவலகத்திலேயே சரிசெய்யலாமா என்று அவர்களுக்கு உடனே புரிந்துவிடும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள்.

அத்தை வீட்டு பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். வாடிக்கையாளர் எண், பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், மோடம் முகவரி, நல்ல நாளில் எடுத்த ஒளி அளவு, லைன்மேன் எண். கீழே பெரிய எழுத்தில், ஊசித் துளையைத் தொடக் கூடாது.